முழங்கால் வலிக்குதா, தலை சுற்றுதா? இஸ்தோப்பில் தாய் சி பழகுகிறவர்களுக்குப் பிழை நீக்கும் வழி

சிங்கப்பூரில் ஒன்பது வருடம் ஒரு சீனப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். வீட்டில் எல்லோரும் அவரை ‘ஆ மா’ என்பார்கள். ஹொக்கியன் பேச்சில் பாட்டி என்று அர்த்தம், என் காதில் அம்மா என்றே விழும். தினமும் காலை ஆறரைக்கு அவர் கையைப் பிடித்து லிஃப்டில் கீழே கூட்டிப் போவேன். அங்கே அடுக்குமாடிகளின் தரைத்தளம் சுவரில்லாமல் திறந்து கிடக்கும். அதில் பத்துப் பதினைந்து வயசாளிகள் வரிசையாக நின்று தாய் சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியைச் செய்வார்கள். ஆ மா விழுந்துவிடக் கூடாதே என்று பின்னால் காவல் நின்ற நான், சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால் மூன்றாம் மாதம் கையை அசைக்க ஆரம்பித்தேன். அப்படிப் பிடித்த பழக்கம்தான்.

ஆ மா ஓயாமல் சொல்வது ‘மான் மான்’. முதல் வாரம் நான் எங்கே மான் என்று தேடினேன். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம். இன்னொரு வார்த்தை ‘சோங்’. இறுக்கத்தை விடு, தளர்த்து என்பது. சொல்லிவிட்டுத் தோளில் ஒரு தட்டும் வைப்பார்.

இலங்கைக்கு, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு ஊர் திரும்பி, எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், நான் தனியாகச் செய்துகொண்டிருந்தேன். முதலில் அம்மா சேர்ந்தார். பிறகு பக்கத்துக் காம்பரா (லயத்து அறை) அத்தை, மேல் லயத்துப் பெரியம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஐயா. நான் மாஸ்டர் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இடத்தில் மக்கர் பண்ண, ஏன் என்று பார்த்துப் பார்த்துச் சரி செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பயிற்சியைச் சொல்கிறேன்

காலையில் கால் மணி நேரம். முதலில் இரண்டு பாதங்களையும் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி, இரண்டு நிமிடம் சும்மா நிற்பது. அப்புறம் உடம்புப் பாரத்தை இடது காலுக்கும் வலது காலுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோவது. மூன்றாவது, இரண்டு கைகளையும் முன்னால் தோள் உயரம் வரை ஏற்றி இறக்குவது. நான்காவது மேகக் கை: இடுப்பு இடமும் வலமுமாகத் திரும்ப, ஒரு கை முகத்துக்கு முன்னால் போகும்போது மற்றது தொப்புள் உயரத்தில் போகும், பிறகு இரண்டும் இடம் மாறும். ஐந்தாவது, பூனை மாதிரி மெல்ல அடியெடுத்து நாலைந்து எட்டு நடப்பது. கடைசியில் உள்ளங்கைகளை வயிற்றில் வைத்து ஒரு நிமிடம் நின்று முடிப்பது.

யூடியூபில் தேடினால் 24 அசைவு என்று வரும். சீன அரசின் விளையாட்டுத் துறை 1956இல் யாங் பாணியிலிருந்து சுருக்கி அமைத்த வரிசை அது. முழுவதும் செய்ய ஐந்தாறு நிமிடம்தான், பார்க்கவும் அழகு. ஆனாலும் முதல் மூன்று மாதம் அதன் பக்கம் போகாதீர்கள் என்பது என் கட்சி. மேகக் கை அதிலும் வருகிறது. இங்கே பழகியது அங்கே வீணாகாது.

உடனே நிறுத்த வேண்டியவை

நெஞ்சை அழுத்துவது, கையோ தாடையோ இழுத்து வலிப்பது, ஒரு பக்கக் கை கால் சோர்வது, வாய் குழறுவது, கண் இருட்டி விழப் போவது. இவற்றுக்கு நான் சொல்லும் வழி எதுவும் பொருந்தாது. உட்காரவைத்து 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். தோட்டத்துப் பாதையில் அம்புலன்ஸ் ஏறி வர நேரமெடுக்கும், அதனால் ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்று காத்திருக்க வேண்டாம். இதய வருத்தம் உள்ளவர்கள், சமீபத்தில் ஒப்பரேஷன் செய்தவர்கள், எலும்பு தேய்ந்து எளிதில் முறியும் என்று சொல்லப்பட்டவர்கள் தொடங்கும் முன்பே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மற்ற கோளாறுகள். எதுவானாலும் பாதத்திலிருந்து மேலே பார்த்துக்கொண்டு வாருங்கள். வேர் பாதத்தில், நடத்துவது இடுப்பு, தெரிவது விரலில் என்று தாய் சிக்காரர்கள் சொல்வார்கள். கோளாறும் அதே பாதையில்தான் ஏறி வருகிறது. கையில் தெரிகிற பிழையைக் கையில் திருத்தப் போய் நான் நிறைய நாள் வீணாக்கியிருக்கிறேன்.

முழங்கால் வலிக்கிறது

முதலில் எங்கே வலி என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழங்காலுக்கு மேலே, தொடையில் காந்துகிறது என்றால் அது முழங்கால் வலியே இல்லை. வேலை செய்யாத தசை வேலை செய்கிறது. இரண்டு மூன்று நாளில் அடங்கும். அந்த நாட்களில் பாதி நேரம் மட்டும் செய்தால் போதும்.

முழங்காலின் உள்பக்கம் வலித்தால் அநேகமாகத் திருகல். எங்கள் அம்மாவுக்கு இதுதான் வந்தது. மேகக் கை செய்யும்போது மட்டும் வலது முழங்கால் ‘சுருக்’ என்கிறது என்றார். இரண்டு நாள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் தரையில் குந்தி உட்கார்ந்து பாதத்தைப் பார்த்தேன். அம்மா இடது பக்கம் திரும்பும்போது வலது பாட்டா செருப்பு ‘கிறீச்’ என்றது. றப்பர் அடி சீமெந்துத் தரையைக் கவ்விப் பிடித்திருந்தது. பாதம் அசையவில்லை, இடுப்பு முழுக்கத் திரும்பிவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது முழங்கால்.

பாதத்தைச் சுற்றி சோக்கட்டியால் கோடு போட்டு, “அம்மா, முதல்ல பாரத்தை முழுக்க இடது காலுக்குக் கொண்டு போங்க” என்றேன். வலது பாதம் லேசானது. “இப்ப குதிகாலைக் கொஞ்சம் திருப்புங்க.” பாதம் கோட்டை விட்டு இரண்டு விரல்கடை நகர்ந்தது, சத்தமே இல்லை. “ஐயே, இவ்வளவுதானா” என்றார். பாரத்தை எடு, திருப்பு, பிறகு பாரத்தை வை. பாரம் ஏறியிருக்கும் பாதத்தை ஒருபோதும் திருப்ப வேண்டாம். பாதத்தைத் திருப்ப வராவிட்டால் இடுப்பைக் குறைவாகத் திருப்புங்கள், நேர் முன்னாலிருந்து கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. அதுவும் மேகக் கைதான்.

முழங்காலின் முன்பக்கம், சில்லுக்குக் கீழே வலித்தால் அளவுக்கு மீறித் தாழ்ந்து நிற்கிறீர்கள். வீடியோவில் இளவட்டங்கள் தொடை தரைக்குச் சமமாக வரும்வரை இறங்குகிறார்கள். நமக்கு அது வேண்டாம். கதிரையில் உட்காரப் போனவர் பாதியில் மனசு மாறி நின்றது போல, அந்த அளவுத் தளர்வு போதும். குனிந்து பாருங்கள்: கால்விரல் நுனி தெரிய வேண்டும். முழங்கால் மறைத்தால் முன்னால் போய்விட்டீர்கள், பிட்டத்தைக் கொஞ்சம் பின்னால் இறக்குங்கள். அதே பார்வையில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். முழங்கால் பாதத்தின் நடுவிரல்களுக்கு நேராக இருக்கிறதா, உள்பக்கம் சாய்ந்து பெருவிரலையும் தாண்டி விழுகிறதா? உள்ளே விழுந்தால் பாதங்களை இன்னும் கொஞ்சம் கிட்ட வையுங்கள். அகலமாக வைத்தால்தான் உறுதி என்று நினைக்கிறோம், அகலம் கூடினால் முழங்கால் உள்ளே மடங்கும்.

முப்பது வருடம் சரிவில் கொழுந்தெடுத்த கால்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. சரிவில் நிற்கும்போது ஒரு கால் எப்போதும் மேட்டில், ஒன்று பள்ளத்தில். சமதரையிலும் அந்தக் காலில்தான் சாய்ந்து நிற்போம், நமக்கே தெரியாது. அத்தை இரண்டு காலிலும் சமமாக நிற்பதாகச் சத்தியம் செய்தார். இரண்டு சின்னத் துண்டுப் பலகைகளை ஈர மண்ணில் வைத்து ஏறி நிற்கச் சொன்னேன். இடது பலகை நன்றாக அமுங்கியிருந்தது, வலது பலகை மண்ணைத் தொட்ட மாதிரியே இல்லை. அப்படி இருந்தால் நேராக்கு நேராக்கு என்று உடம்போடு சண்டை போட வேண்டாம். பாரம் மாற்றும் பயிற்சியை மட்டும் ஒரு மாதம் செய்யுங்கள், பழகாத காலில் இரண்டு மூச்சு கூடுதலாக நின்று.

முழங்கால் வீங்கினால், சூடாக இருந்தால், மடக்கினால் பூட்டிக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கள். சாதாரண மூட்டுத் தேய்வு என்றால் பயப்பட வேண்டாம். முழங்கால் மூட்டுத் தேய்வுக்குத் தாய் சியை அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் அமைப்பு தன் 2019 வழிகாட்டியில் உறுதியாகவே பரிந்துரைக்கிறது. வலியில்லாத அளவில் அசைவதுதான் அதில் முக்கியம். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது தாய் சி இல்லை.

தொடங்கியதும் தலை சுற்றுகிறது

கட்டிலை விட்டு எழும்பி எத்தனை நிமிடத்தில் தொடங்கினீர்கள்? இரவு முழுக்கப் படுத்திருந்த உடம்பு நிமிரும்போது இரத்தம் காலுக்கு இறங்கும், சிலருக்குப் பிரஷர் சட்டென்று குறையும். பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது கூடுதல். கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு கோப்பை சுடுதண்ணீர் குடியுங்கள். முகம் கழுவி, அடுப்பு மூட்டி, ஒரு கால் மணி நேரம் நடமாடிய பிறகு வந்து நில்லுங்கள்.

சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். வியர்த்து, கை நடுங்கி, திடீரென்று பசித்தால் அது சீனி இறங்குவது. உடனே உட்கார்ந்து சீனி போட்ட சாயத்தண்ணி குடியுங்கள், பிறகு கொஞ்சம் ரொட்டி சாப்பிடுங்கள். கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு ஒரு நாள் இப்படி ஆனது. அவர் அதைத் தாய் சியின் சக்தி உடம்பில் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டு நின்றார்! இப்போது அரை ரொட்டி சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார். அடிக்கடி நடந்தால் கிளினிக் கொப்பியை எடுத்துப் போய்ச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கண்ணை மூடிக்கொண்டு செய்கிறீர்களா? மூடாதீர்கள். தியானம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆ மாவின் கூட்டத்தில் யாரும் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை.

நிற்கும்போது தள்ளாடுகிறது

இதற்கு நம் பக்கத்தில் மூன்று தனிக் காரணங்கள் இருக்கின்றன. எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள்.

ஒன்று இஸ்தோப்பு. மழைத் தண்ணீர் கானுக்கு ஓடுவதற்காகத் தரையை வெளிப்பக்கம் சாய்த்துத்தான் கட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், உருண்டு போகும். அந்தச் சாய்வில் பக்கவாட்டாக நின்றால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். சுவருக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்தோ, சுவரைப் பார்த்தோ நில்லுங்கள். அப்போது இரண்டு பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும். சாய்வு அதிகம் என்றால் சுவரைப் பார்த்து நிற்பதே மேல், குதிகால் பள்ளத்தில் வந்தாலும் பிடிக்கச் சுவர் இருக்கிறது.

இரண்டு, பனிமூட்டம். நாம் தள்ளாடாமல் நிற்பதற்குக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, பாதத்தின் உணர்ச்சி, கண் மூன்றும் வேண்டும். கண் தூரத்தில் அசையாத எதையாவது பிடித்துக்கொள்ளும். மூட்டம் இறங்கிய காலையில் முன்னால் ஒரே வெள்ளை. மலையும் இல்லை, மரமும் இல்லை. பெரியம்மா வெயில் நாளில் கம்பம் போல நிற்பார், மூட்டத்தன்று ஆடுவார். வயசு என்று அவரே முடிவு கட்டிவிட்டார். ஒரு நாள் இஸ்தோப்புத் தூணில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, “பெரியம்மா, இதையே பாருங்க” என்றேன். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. இப்போது அந்தத் துணியை யாரும் அவிழ்ப்பதில்லை. எந்தச் சாமிக்குக் கட்டியது என்று ஒரு பையன் கேட்டான்.

மூன்று, குளிர்ந்த பாதம். சில்லென்ற சீமெந்தில் வெறுங்காலுடன் நின்றால் பாதம் மரத்துப்போகும், தரை எங்கே என்று அதற்குத் தெரியாது. சீனி வருத்தக்காரர்களுக்குப் பாத உணர்ச்சி ஏற்கெனவே குறைந்திருக்கலாம். அடி தட்டையான கன்வஸ் சப்பாத்து நல்லது. மேஸ் (காலுறை) மட்டும் போட்டுச் சீமெந்தில் நிற்பது வழுக்கும். பாட்டாவின் கதையை மேலே சொல்லிவிட்டேன். சாக்கு விரிக்கலாம் என்று தோன்றும், அது காலோடு நகரும், வேண்டாம்.

இது எதுவும் இல்லாமலே தள்ளாடினால், அடி வைப்பதைக் கவனியுங்கள். நாம் நடக்கும்போது காலும் பாரமும் ஒன்றாகவே விழுகின்றன. தாய் சி நடையில் முதலில் வெறும் கால் போகிறது. குதிகால் பட்டு, பாதம் படிந்து, தரை சரி என்று தெரிந்த பிறகே பாரம் போகிறது. பின்னால் போகும்போது விரல் முதலில், குதிகால் பிறகு. மழை நாளில் வழுக்குப் பாதையில் கூடையோடு இறங்குகிற பெண்கள் சரியாக இப்படித்தான் கால் வைப்பார்கள். அத்தையிடம் இதைச் சொன்னதும், “இதுக்கா சிங்கப்பூர் போனே?” என்று கேட்டார்.

பக்கத்தில் ஒரு கதிரையோ வாங்கோ எப்போதும் இருக்கட்டும். பிளாஸ்டிக் கதிரை என்றால் சுவரில் முட்டி நிற்கிற மாதிரி வையுங்கள், பிடித்தால் அதுவும் சேர்ந்து விழக் கூடாது.

தோள் ஏறிக்கொள்கிறது, கழுத்து பிடிக்கிறது

கையை ஏற்றும்போது தோளும் கூடவே காதுப் பக்கம் ஏறுகிறதா? குளிர்தான் முதல் காரணம். குளிரில் யாரும் தோளைக் குறுக்குவார்கள். ஜேர்சி போடுங்கள், கழுத்துக்கு மப்ளர் சுற்றுங்கள். உடற்பயிற்சி என்றால் மெல்லிய உடுப்பில்தான் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கூடை தூக்கியவர்களுக்கு அடுத்த காரணம் கயிறு. தலையில் கயிற்றைப் போட்டு முதுகில் கூடையைத் தொங்கவிட்டால், பாரம் தலையைப் பின்னுக்கு இழுக்கும், கழுத்து முன்னால் தள்ளி எதிர்க்கும். கூடையை இறக்கி வைத்துப் பத்து வருடம் ஆனாலும் கழுத்து இன்னும் தள்ளிக்கொண்டே நிற்கிறது. அம்மாவிடம் ‘தாடையை உள்ளே இழுங்கள்’ என்றால் பட்டாளத்துக்காரர் மாதிரி விறைத்துப்போகிறார். ‘கூடையை இறக்கி வைங்க, கயிற்றையும் எடுங்க’ என்று சொன்னேன். தோள் இரண்டும் தானாக ஓரங்குலம் இறங்கியது. ஆ மா ‘சோங்’ என்று தட்டிச் சொன்னது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

ஒரு தோள் மட்டும் ஏறுகிறதா என்று பார்க்க வீட்டிலேயே சாமான் இருக்கிறது. கொழுந்து எடுக்கும்போது தேயிலைச் செடியின் வாது (கிளை) மட்டம் பார்க்கிற மட்டக்கம்பை இரண்டு கை மேலும் குறுக்கே வைத்து, கையை மெதுவாகத் தோள் உயரத்துக்கு ஏற்றுங்கள். கம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த உயரத்தில் சாயத் தொடங்குகிறது என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். சாயத் தொடங்கும் உயரம்தான் உங்கள் எல்லை. நெஞ்சு உயரத்தில் சாய்ந்தால் நெஞ்சு உயரம் வரை மட்டும் ஏற்றுங்கள். ஏற்றும்போது மணிக்கட்டு முதலில் மிதந்து போகட்டும், முழங்கை கீழே பார்த்துத் தொங்கட்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாமல், இரவில் அந்தப் பக்கம் படுக்கவும் முடியாமல் இருந்தால் அது வேறு வருத்தம், டொக்டரிடம் காட்டுங்கள்.

மூச்சு முட்டுகிறது

பெரும்பாலும் மூச்சை எண்ணுகிறவர்களுக்குத்தான் இது. கை ஏறும்போது இழு, இறங்கும்போது விடு என்று வீடியோவில் கேட்டிருப்பார்கள். அவர்களுடைய மூச்சு நீளம், நம்முடையது குட்டை. கை பாதி வழியில் இருக்கும்போதே நமக்கு மூச்சு தீர்ந்துவிடும், பிடித்து வைத்துக்கொள்வோம். மூச்சைப் பிடித்தால் பிரஷரும் ஏறும். முதல் இரண்டு மாதம் மூச்சை மறந்துவிடுங்கள், அது தன் பாட்டில் போகட்டும். செய்யும்போதே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறதா? சரி, அளவு சரியாக இருக்கிறது.

விறகடுப்புப் புகை உள்ள நேரத்தில் காம்பராவுக்குள் செய்ய வேண்டாம். இளைப்பு உள்ளவர்கள் குளிர்க்காற்று மூக்கில் ஏறாமல் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். உறிஞ்சுகிற மருந்து இருந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெயில் வந்த பிறகு செய்வது இன்னும் நல்லது.

கை கால் விறைத்து அசைய மறுக்கிறது

விடியற்காலை ஐந்து மணிக்கே செய்தால்தான் பலன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு வருகிற கோளாறு. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படிகிற நாட்கள் உண்டு. அந்தக் குளிரில் வயசாளிகள் வெளியே நிற்பது தேவையில்லாத வேலை. ஏழரைக்குச் செய்யுங்கள், எட்டுக்குச் செய்யுங்கள், அதுவும் காலைதான். பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிறவர்களுக்கு அந்த நேரம் கிடைக்காது. அவர்கள் அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும்வரை பாரம் மாற்றும் பயிற்சியை மட்டும் செய்துவிட்டு, மற்றதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். என் தங்கச்சி அப்படித்தான் செய்கிறாள்.

கை விறைத்திருந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்து முழங்காலிலும் இடுப்பிலும் வையுங்கள். சித்தாலேப தைலம் தேய்த்துக்கொண்டு வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது எரிகிற எரிச்சலில் மூட்டு வலி மறைந்து, அளவுக்கு மீறிச் செய்துவிடுகிறார்கள்.

வேகமாகப் போய்விடுகிறது

கால் மணி நேரத்துக்கான பயிற்சி ஐந்து நிமிடத்தில் முடிகிறதா? கொழுந்தெடுத்த கைக்கு மெதுவாகப் போகத் தெரியாது. 18 கிலோ போட்டால்தான் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) என்று ஆயுசு முழுக்க ஓடிய கை அது. அத்தையின் மேகக் கையைப் பார்த்தால் மேகம் இல்லை, சூறாவளி.

‘மெதுவாக’ என்று சொல்லிப் பயனில்லை. கையை ஏற்ற மனசுக்குள் நாலு எண்ணிக்கை, இறக்க நாலு எண்ணிக்கை. அதுவும் ஓடினால் உள்ளங்கையில் ஒரு தம்ளரில் முக்கால்வாசித் தண்ணீர் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஒரு தடவை ஜேர்சி நனைந்தால் வேகம் தானாகக் குறையும். ரொம்ப மெதுவாகப் போய்த் தொடை நடுங்கினால், அது நல்ல நடுக்கம், உயரத்தைக் கொஞ்சம் கூட்டி நின்றால் போய்விடும்.

அசைவு மறந்துபோகிறது, இடது வலது குழம்புகிறது

வீடியோவில் ஆள் நம்மைப் பார்த்து நின்றால் அவர் வலது கை நமக்கு இடது பக்கம் தெரியும். பார்த்துச் செய்கிற மூளை அங்கேயே சிக்கிக்கொள்ளும். முதுகைக் காட்டி நின்று செய்கிற வீடியோவாகத் தேடுங்கள். அதையும் செய்துகொண்டே பார்க்க வேண்டாம். முதலில் உட்கார்ந்து பாருங்கள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிச் செய்யுங்கள். சிக்னல் போய்ப் போய் வருகிற தோட்டத்தில் இதில் டேட்டாவும் மிச்சம்.

வாரத்துக்கு ஓர் அசைவுக்கு மேல் வேண்டாம். ஆறு அசைவும் தெரிந்து அரைகுறையாகச் செய்வதைவிட, பாரம் மாற்றுவதும் கை ஏற்றுவதும் மட்டும் ஒழுங்காக வந்தால் அதுவே ஒரு காலைக்குப் போதும்.

இடமில்லை, மழை விடவில்லை

மே மாதம் பிடித்தால் செப்டம்பர்வரை எங்கள் பக்கம் மழைக்கு ஓய்வில்லை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்கு அந்த மழை வருட முடிவில் வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் கட்டில், அலுமாரி, தையல் மெஷின் போக மிஞ்சுவது ஒரு பாய் விரிக்கிற இடம். அது போதும். அடி எடுத்து வைக்காமல் நின்ற இடத்திலேயே மேகக் கை செய்யலாம். நிற்க முடியாதவர்கள் கைப்பிடி இல்லாத கதிரையின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதித்துச் செய்யலாம். உட்கார்ந்து செய்யும்போதும் பாரம் ஒரு பிட்டத்திலிருந்து மறு பிட்டத்துக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கையாட்டல்.

பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்

லயத்தில் எல்லோருக்கும் ஒரே நீள இஸ்தோப்பு. மறைவாகச் செய்ய வழியே இல்லை. பேய் ஓட்டுகிறாயா, படத்தில் நடிக்கப் போகிறாயா என்று எனக்கும் கிடைத்தது. மூன்று வாரத்தில் கேட்டவர்களுக்கே அலுத்துவிடும். சிரிப்பவர்களில் வயசில் பெரியவராகப் பார்த்து, “ஐயா, கொஞ்சம் வந்து என் கால் நேரா இருக்கான்னு பாருங்க” என்று கூப்பிடுங்கள். கணக்கப்பிள்ளை ஐயா அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

ஒரு மாதமாகியும் ஒன்றும் தெரியவில்லை

என்ன தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? சீனர்கள் ‘சீ’ என்று சொல்லும் உயிராற்றல் விரலில் மின்சாரம் போல ஓடும் என்று கேள்விப்பட்டு வந்த ஒருவர் இரண்டாம் வாரமே போய்விட்டார். ஒன்பது வருடத்தில் எனக்கு அப்படி எதுவும் ஓடியதில்லை. உள்ளங்கை வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது வேறு இடத்தில். தொடங்கிய அன்று, பக்கத்தில் சுவர் இருக்க, ஒற்றைக் காலில் எத்தனை எண்ணும்வரை நிற்க முடிகிறது என்று கலண்டரில் எழுதி வையுங்கள். கையால் ஊன்றாமல் கதிரையிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை தடவை எழும்ப முடிகிறது என்பதையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். வயசானவர்கள் விழுவதைத் தாய் சி குறைக்கிறது என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் விழாத நாளை யாரும் கவனிப்பதில்லையே, அதனால்தான் எண்ணி எழுதச் சொல்கிறேன். அம்மாவின் கலண்டரில் முதல் நாள் வலது காலுக்கு 4 என்று இருக்கிறது. போன மாதம் 17.

வாரத்தில் எத்தனை நாள் செய்தீர்கள் என்பதையும் அதே கலண்டரில் குறியுங்கள். ‘தினமும் செய்கிறேன்’ என்று சொன்ன பெரியம்மாவின் கட்டங்களை எண்ணினால் வாரத்துக்கு இரண்டுதான் வந்தது.

நாய் வந்து காலடியில் படுத்துக்கொள்கிறது

இதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. ரொட்டி போட்டு அந்தப் பக்கம் அனுப்பினால், தின்றுவிட்டு மேகக் கைக்குச் சரியாகத் திரும்பி வந்துவிடுகிறது. குதிகாலை முதலில் வையுங்கள், மெத்தென்று பட்டால் பாரத்தை வைக்காதீர்கள்.